புதிய சைக்கிள் பந்தய அணிக்கு 24 பேரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

உங்கள் கேள்வி இது: வேர்ல்டு டூர் என்ற முதல் மட்டத்துக்கு அடுத்து வரும் புரோ டீம் மட்டத்தில் முதன்முறையாகக் களமிறங்கும் ஓர் ஆண்கள் அணி, 24 இடங்கள். மலை வீரர்கள் ஆறு, ஸ்பிரிண்ட் வீரர்கள் ஆறு, கிளாசிக்ஸ் எனப்படும் பெரிய ஒருநாள் பந்தய வீரர்கள் ஆறு, தனியாக நேரத்தோடு போட்டிபோடும் டைம் ட்ரையல் வீரர்கள் ஆறு என்று பிரித்தால் அது சமநிலையான அணி ஆகுமா? ஆகாது. நீங்கள் வகைகளை எண்ணியிருக்கிறீர்கள். முதலில் எண்ண வேண்டியது பந்தய நாள்களை. இந்தப் பணத்தில் எந்தப் பந்தயங்களில் போட்டிபோடுவது, எவற்றை இப்போதைக்கு விட்டுவிடுவது, மூன்றாவது ஆண்டும் அணி உயிரோடு இருக்க என்ன வழி என்பதே உங்கள் கேள்விக்குள் இருக்கும் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் குழப்பம் இயல்பு. ஐந்து பேட்ஸ்மேன், ஒரு கீப்பர், நான்கைந்து பவுலர் என்று எடுத்தால் அந்தப் பதினொரு பேரும் ஒரே மைதானத்தில் நிற்பார்கள். சைக்கிள் பந்தயத்தில் 24 பேரும் ஒரே இடத்தில் கூடுவது டிசம்பர், ஜனவரி பயிற்சி முகாம்களில் மட்டும். பிப்ரவரி கடைசி வார இறுதியைப் பாருங்கள். பெல்ஜியத்தில் சனிக்கிழமை ஓம்லூப் ஹெட் நியூஸ்பிளாட், ஞாயிறு கூர்ன–பிரசல்ஸ்–கூர்ன. அதே இரண்டு நாள்களில் தெற்குப் பிரான்சில் ஆர்டேஷ், ட்ரோம் பந்தயங்கள். முதல் இரண்டும் கற்சாலை, பக்கக்காற்று, பலமான உடம்பு கேட்பவை. அடுத்த இரண்டும் ஏறி இறங்கி ஏறும் குன்றுப் பாதைகள். நீங்கள் போட்ட பட்டியலை வைத்து இந்த வார இறுதியை நிரப்பிப் பாருங்கள். பெல்ஜியத்துக்குக் கிளாசிக்ஸ் வீரர் ஆறு பேரில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றாலே மலை வீரர் ஒருவரைக் கற்சாலையில் ஏற்ற வேண்டிவரும். அவர் ஐம்பதாவது கிலோமீட்டரில் பின்தங்கிவிடுவார், கூட்டத்தில் விழுந்து எலும்பை முறித்துக்கொள்ளவும் வாய்ப்பு அதிகம்.

விதிகளில் ஐயமில்லாதவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். புரோ டீம் ஒன்றில் குறைந்தது 20 பேர், அதிகபட்சம் 30 பேர். 2018 முதல் கிராண்ட் டூர் எனப்படும் மூன்று வாரப் பந்தயங்களில் அணிக்கு 8 பேர், மற்ற பெரிய பந்தயங்களில் 7 பேர். அதற்கு முன் 9, 8 என்று இருந்தது. பழைய கட்டுரைகளைப் படித்துத் திட்டம் போட்டால் இங்கேயே கணக்கு பிசகும். 25 வயதுக்குள் முதன்முறை தொழில்முறைக்கு வரும் வீரருக்கு, அதாவது நியோ-புரோவுக்கு, குறைந்தது இரண்டு ஆண்டு ஒப்பந்தம் தர வேண்டும். அணித் தரவரிசைக்கு 2022 வரை முதல் பத்து வீரர்களின் புள்ளிகள் மட்டும் எண்ணப்பட்டன. 2023 முதல் முதல் இருபது பேருடையவை. இந்தக் கடைசி மாற்றம் சிறிய அணிகளின் ஆள்சேர்ப்பையே மாற்றிவிட்டது: முன்பு இரண்டு நட்சத்திரங்களும் எட்டு நல்ல வீரர்களும் போதும், மீதிப் பேர் பாட்டில் சுமந்தால் போதும். இப்போது பதினெட்டாவது வீரர் ஒரு சிறு பந்தயத்தில் ஏழாவதாக வருவதும் கணக்கில் ஏறுகிறது.

இனி ஆள் கணக்கு. ஒரு வீரர் ஆண்டுக்குச் சராசரியாக 60 நாள் பந்தயம் ஓடுவார் என்று வையுங்கள். 24 பேருக்கு 1,440 வீரர்-நாள்கள். ஏழால் வகுத்தால் சுமார் 205 பந்தய நாள்கள். காய்ச்சல், விழுதல், முழங்கால் வலி என்று 15 விழுக்காடு கழித்தால் 175. இது காகிதக் கணக்கு. தெருவில் வேறு ஒரு கணக்கு ஓடும். சீசனின் எந்த வாரத்திலும் 24 பேரில் மூன்று நான்கு பேர் நோயிலோ காயத்திலோ இருப்பார்கள், இரண்டு மூன்று பேர் டெய்டே அல்லது சியரா நெவாடாவில் உயரமலைப் பயிற்சியில் இருப்பார்கள். மிஞ்சுவது 17 முதல் 19 பேர். அதாவது ஒரே நேரத்தில் இரண்டு பந்தயங்களுக்குத் தலா 7 பேர், கையில் மூன்று முதல் ஐந்து மாற்று ஆட்கள். 24 பேரை வைத்து இரண்டு பந்தயத் திட்டங்களை நிம்மதியாக ஓட்டலாம், மூன்றை ஓட்ட முடியாது. விதி அனுமதிக்கும் குறைந்தபட்ச 20 பேரோடு ஆரம்பித்தால் மாற்று ஆளே இருக்காது. மார்ச்சில் ஒரு சளிக்காய்ச்சல் பேருந்துக்குள் புகுந்தால், பாதி குணமானவரைத் தொடக்கக் கோட்டில் நிறுத்துவீர்கள், அவர் ஏப்ரல் முழுக்க இழுத்துக்கொண்டு கிடப்பார். 28 பேர் எடுக்கலாமே என்றால், ஒவ்வொரு ஆளுக்கும் சம்பளம் தவிர வழக்கமாக மூன்று ரோடு பைக், ஒன்றிரண்டு டைம் ட்ரையல் பைக், விமான டிக்கெட், மசாஜ் செய்யும் ஆள், மெக்கானிக்கின் நேரம் எல்லாம் சேரும். முதல் ஆண்டுக்கு 24 என்ற உங்கள் எண் சரியான எண். அதைத் தொட வேண்டாம்.

அடுத்தது, எந்தப் போர்முனைகள் என்ற தேர்வு. ஐரோப்பியச் சாலைப் பந்தயத்தில் பெரும்பிரிவாக நான்கு வேலைகள் உண்டு: சமதளத்தில் கூட்டமாக முடியும் ஸ்பிரிண்ட், கற்சாலைக் கிளாசிக்ஸ், குன்றுகள் நிறைந்த ஒருநாள் பந்தயங்கள், மலைகளில் முடிவாகும் பல நாள் பந்தயங்களின் மொத்த நேரப் போட்டி. புதிய அணி இவற்றில் இரண்டில் உண்மையாகப் போட்டிபோடட்டும், மூன்றாவதில் வாய்ப்பு வந்தால் பிடிக்கட்டும், நான்காவதைத் துணிந்து விடட்டும். நான்கிலும் ஆறாறு பேர் வைத்தால் நான்கிலும் பன்னிரண்டாவதாக வருவீர்கள்.

எதை விடுவது என்பதில் எனக்குத் தயக்கமில்லை: கிராண்ட் டூரின் மொத்த நேரப் போட்டியை விடுங்கள். டூர் டி பிரான்ஸில் முதலிடத்தில் இருப்பவர் அணியும் மஞ்சள் சட்டைக்குப் போட்டிபோடும் ஒருவரின் விலை அவருடைய சம்பளத்தோடு முடிவதில்லை. மலையில் கடைசி இருபது கிலோமீட்டரில் அவரோடு இருக்க, கிலோவுக்கு ஆறு வாட்டுக்கு அருகே அரை மணி நேரம் தாங்கும் மூன்று பேர் வேண்டும். அவர்களும் வேறு அணியில் தலைவர்களாக இருக்கக்கூடியவர்கள், அதற்கேற்ற விலை கேட்பார்கள். சமதளத்தில் காற்றை மறைக்க இரண்டு பெரிய உடம்புகள், ஆண்டுக்கு இரண்டு மூன்று உயரமலை முகாம்கள், காற்றுச்சுரங்கச் சோதனை, சமையல்காரர். இத்தனையும் செய்து, ஜூலை முதல் வாரத்தில் ஒரு வட்டச்சாலையில் அவர் வழுக்கி விழுந்தால் ஆண்டு முடிந்தது. கிராண்ட் டூருக்கு அழைப்பு வருமா என்பதே புரோ டீமுக்கு நிச்சயமில்லாதபோது, இது சூதாட்டம்.

புள்ளி அட்டவணையும் இதையே சொல்கிறது. 2023-இல் திருத்தப்பட்ட அட்டவணைப்படி டூர் டி பிரான்ஸ் மொத்த வெற்றிக்கு 1,300 புள்ளிகள், அதில் ஒரு நாள் வெற்றிக்கு 210. மிலான்–சான் ரெமோ போன்ற ஐந்து பெரும் ஒருநாள் பந்தயங்களுக்கு 800. இவை உங்கள் எட்டாத உயரத்தில் இருக்கின்றன, சரி. கீழே வாருங்கள். 1.1 தரத்தில் உள்ள ஒரு சாதாரண ஒருநாள் பந்தய வெற்றிக்கு 125 புள்ளிகள். அதே தரத்தில் உள்ள பல நாள் பந்தயத்தின் ஒரு நாளை வென்றால் 14. பதினான்கு! பிரான்சிலும் பெல்ஜியத்திலும் இத்தாலியிலும் இப்படிப்பட்ட ஒருநாள் பந்தயங்கள் பிப்ரவரி முதல் அக்டோபர் வரை கொட்டிக் கிடக்கின்றன. இந்த அட்டவணை நியாயமா என்று கேட்டால் எனக்கு அதில் மரியாதை இல்லை. ஆனால் கிராண்ட் டூர் அழைப்புக்கான தகுதியே இந்தத் தரவரிசையோடு கட்டப்பட்டிருக்கிறது. 2026 முதல், முந்தைய ஆண்டுத் தரவரிசையில் முதல் முப்பதுக்குள் இல்லாத அணியைப் பந்தய ஏற்பாட்டாளர் விரும்பினாலும் அழைக்க முடியாது. ஆகவே புதிய அணி முதலில் தேட வேண்டிய ஆள், இரண்டு கிலோமீட்டர் ஏற்றத்தைத் தாண்டி நாற்பது பேர் கொண்ட கூட்டத்தில் வேகமாக முடிக்கக்கூடியவர். ஆர்னோ டு லீ 2022-இல் லோட்டோ அணியில் தன் முதல் தொழில்முறை ஆண்டிலேயே இப்படி ஒன்பது வெற்றிகள் எடுத்தார். அணி அந்த ஆண்டு இறுதியில் வேர்ல்டு டூர் மட்டத்திலிருந்து இறங்கியது என்பது உண்மைதான், ஆனால் மூன்றாண்டுக் கணக்கில் முதல் இரண்டு ஆண்டுகளில் விட்ட புள்ளிகளை ஒரு ஆள் கடைசி ஆண்டில் ஈடுகட்ட முடியாது.

இந்த வழியில் வளர்ந்த அணிக்குத் தெளிவான எடுத்துக்காட்டு 2012-இல் தொடங்கிய ஆஸ்திரேலியாவின் கிரீன்எட்ஜ். மொத்த நேரப் போட்டிக்கு ஆள் இல்லாமலேயே வந்தார்கள். குன்று தாண்டி வேகமாக முடிப்பவர்கள், சமதளத்தில் எந்திரம்போல் நீண்ட நேரம் இழுப்பவர்கள், பாதை வாசிக்கத் தெரிந்த மூத்தவர்கள், இவ்வளவுதான். முதல் ஆண்டிலேயே சைமன் கெரன்ஸ் டூர் டவுன் அண்டரையும் மிலான்–சான் ரெமோவையும் வென்றார். 2013 டூர் டி பிரான்ஸில் கோர்சிகாவில் கெரன்ஸ் ஒரு நாள் வென்றார், அடுத்த நாள் நீஸ் நகரில் அணி டைம் ட்ரையலை வென்று மஞ்சள் சட்டையும் அணிக்கு வந்தது. 2014-இல்தான் எஸ்டெபான் சாவெஸையும் யேட்ஸ் சகோதரர்களையும் இளைஞர்களாகச் சேர்த்தார்கள். 2018-இல் சைமன் யேட்ஸ் ஸ்பெயினின் மூன்று வாரப் பந்தயமான வுவெல்டாவை வென்றார். மலை அடுக்கு வர ஆறு ஆண்டு பிடித்தது, அதற்குள் அணி மற்ற வெற்றிகளால் வாழ்ந்தது.

எதிர்ப்பக்க எடுத்துக்காட்டு 2011-இல் லக்சம்பர்க்கில் தொடங்கிய லெப்பர்ட் டிரெக். ஆண்டி ஷ்லெக், ஃப்ராங்க் ஷ்லெக், கான்செலாரா, ஃபுக்ல்சாங், யென்ஸ் ஃபொய்க்ட்: காகிதத்தில் இதைவிடப் பலமான புதிய அணி அரிது. டூர் டி பிரான்ஸில் கடைசிக்கு முந்தைய நாள் கிரனோபிள் டைம் ட்ரையலுக்கு ஆண்டி மஞ்சள் சட்டையில் இறங்கினார், கடெல் எவன்ஸைவிட 57 நொடி முன்னால். 42.5 கிலோமீட்டரில் எவன்ஸ் அவரைவிட 2 நிமிடம் 31 நொடி வேகமாக ஓடி, 1 நிமிடம் 34 நொடி முன்னிலையில் டூரை வென்றார். சகோதரர்கள் இரண்டாவது, மூன்றாவது. இரண்டு தலைவர்களுக்கும் ஒரே பலம், ஒரே பலவீனம். ஒருவரால் மறைக்க முடியாத ஓட்டையை மற்றவராலும் மறைக்க முடியவில்லை. சமநிலை என்று பேசும்போது நான் முதலில் பார்ப்பது இதை: உங்கள் இரண்டு தலைவர்களும் ஒரே நாளில், ஒரே காரணத்துக்காகத் தோற்பார்களா? அந்த அணி ஒரே சீசனோடு ரேடியோஷாக் அணியில் கலந்துவிட்டது.

ஸ்பிரிண்ட் பக்கம் வருவோம், புதிய அணிகள் பணத்தைக் கொட்டி ஏமாறும் இடம் அதுவே. ஸ்பிரிண்டர் என்பவர் தனி ஆள் கிடையாது, நான்கு பேர் கொண்ட ஒரு தொகுப்பு. முதலாமவர் நாள் முழுக்க முன்னால் நின்று, கூட்டத்திலிருந்து முன்னே தப்பி ஓடியவர்களை மூன்று நிமிட இடைவெளிக்குள் வைத்திருக்கும் எந்திரம். இரண்டாமவர் கடைசி ஐந்து கிலோமீட்டரில் மற்றவர்களைக் கூட்டத்தின் நடுவிலிருந்து மேலே கொண்டுவருபவர். மூன்றாமவர் லீட்-அவுட்: சுமார் 500 மீட்டரில் காற்றுக்கு வந்து, மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் இழுத்து, 200 அல்லது 250 மீட்டரில் ஸ்பிரிண்டரை விட்டுவிடுபவர். இந்த மூவரில் லீட்-அவுட் ஆள் கிடைப்பதே ஸ்பிரிண்டர் கிடைப்பதைவிடக் கடினம். ஸ்பிரிண்டர் மார்க் கேவென்டிஷ் 2021 டூரில் நான்கு நாள்களை வென்றபோது முன்னால் இழுத்தவர் மைக்கேல் மோர்கோவ். 2023-இல் கேவென்டிஷ் அஸ்தானா அணிக்கு வந்தபோது லீட்-அவுட் வேலைக்குச் சேஸ் போல் மட்டும் கூட வந்தார். அந்த ஆண்டு டூரில் போர்டோவில் இரண்டாமிடம், மறுநாள் விழுந்து வெளியேறினார். 2024-இல் மோர்கோவும் வந்தார், சான்-வுல்பா ஊரில் டூரில் கேவென்டிஷின் 35-ஆவது நாள் வெற்றி வந்தது. ஒரு முடிவை ஒரே காரணத்தால் விளக்குவது சரியில்லை, ஆனாலும் எந்த மேலாளரும் அந்த வரிசையைக் கவனிக்காமல் இருக்க மாட்டார். உங்கள் பட்டியலில் உள்ள ஆறு ஸ்பிரிண்ட் வீரர்கள் ஆறு வெற்றிப் பசியுள்ளவர்கள் என்றால், அது ஆறு தனித்தனி அணி. இரண்டாவது ஸ்பிரிண்டர் வேண்டும், முதலாமவர் விழுந்தால் என்ன செய்வது. ஆனால் அவர் பெரிய பந்தயங்களில் லீட்-அவுட் வேலை செய்ய ஒப்பந்தம் போடும்போதே சம்மதித்தவராக இருக்க வேண்டும். இதை ஜனவரி முகாமில் பேசிக்கொள்ளலாம் என்று விட்டால் பேச முடியாது.

கற்சாலை ஆட்களை ஏன் நான் இவ்வளவு விரும்புகிறேன் என்றால், அவர்கள் மூன்று வேலைக்கு ஆவார்கள். பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதியில் குறுகிய சாலைகளில் ஏற்றத்துக்கு முன் தலைவரை முதல் இருபது பேருக்குள் கொண்டுவரத் தெரிந்தவர், ஸ்பிரிண்ட் நாளில் தப்பியவர்களைத் துரத்தும் எந்திரமாகவும், மலைப் பந்தயத்தின் சமதளப் பகுதியில் காற்றுத் தடுப்பாகவும் ஆவார். ஒல்லியான மலை வீரருக்கு அந்த வசதி இல்லை. பிப்ரவரி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை வடக்கே நடக்கும் பந்தயங்களில் அவருக்கு வேலையே கிடையாது. ஆகவே ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு வேலைகள் எழுதுங்கள்: முதல் வேலை, இரண்டாம் வேலை. இரண்டாம் வேலைக் கட்டம் காலியாக இருக்கும் ஆள் தலைவராக இருந்தால் மட்டும் இடம் கொடுங்கள். டைம் ட்ரையலுக்கென்று ஆறு பேர் என்ற உங்கள் எண்ணத்தை நான் முழுவதுமாக அடித்துவிடுவது இதனால்தான். தனி நேரப் போட்டி மட்டும் தெரிந்தவருக்கு ஆண்டில் பத்துப் பதினைந்து நாள் வேலை. எந்திரங்களில் இருவர் நல்ல டைம் ட்ரையல் ஓட்டக்கூடியவர்களாக இருந்தால் போதும்.

ரோடு கேப்டன் இருவர் வேண்டும், இரண்டு திட்டங்கள் ஓடுவதால். முப்பது தாண்டியவர்கள், வெற்றிப் பட்டியல் நீளமாக இருக்க வேண்டியதில்லை. எந்தத் திருப்பத்துக்குப் பின் காற்று பக்கவாட்டில் அடிக்கும், எப்போது பாட்டில் எடுக்கப் பின்னால் போகக் கூடாது என்பதை இளைஞர்களுக்கு அந்த நொடியில் சொல்ல வேண்டியவர் அவர். காரில் இருக்கும் இயக்குநருக்கு எல்லாம் பதினைந்து நொடி தாமதமாகத்தான் தெரியும்.

பெரிய பெயர் ஒன்று வேண்டும் என்று ஸ்பான்சர் கேட்பார். தப்பில்லை, ஆனால் அந்தப் பெயர் தனியாக வராது. 2022-இல் பீட்டர் சாகன் டோட்டல்எனர்ஜீஸ் அணிக்குப் போனபோது கூடவே டானியல் ஓஸ், மாச்சேய் போட்னார், அண்ணன் யுராய் சாகன் ஆகியோரும் போனார்கள். நட்சத்திரத்துக்கு ஒரு இடம் என்று கணக்கு வைக்காதீர்கள், நான்கு என்று வையுங்கள். 24-இல் நான்கு என்றால் ஆறில் ஒரு பங்கு. அவருடைய ஆட்கள் அவர் ஓடாத பந்தயங்களில் யாருக்காக உழைப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

வயதையும் ஒப்பந்த முடிவையும் பற்றி யாரும் கேட்பதில்லை, நீங்களும் கேட்கவில்லை, ஆனால் சமநிலை குலைவது பெரும்பாலும் இங்கேதான். முதல் ஆண்டு எல்லோருக்கும் இரண்டு ஆண்டு ஒப்பந்தம் கொடுப்பது எளிது. அப்புறம் இரண்டாம் ஆண்டு கோடையில் 24 பேரின் ஒப்பந்தமும் ஒரே டிசம்பரில் முடியப்போகிறது. ஆகஸ்ட் 1 முதல் அணி மாற்றங்களை அறிவிக்கலாம் என்பதால், மே மாதத்திலிருந்தே ஒவ்வொருவரும் தன் பெயருக்கு ஒரு முடிவு தேடுவார். லீட்-அவுட் ஆள் 250 மீட்டரில் ஒதுங்காமல் தானே ஓடி எட்டாவதாக வருவார். புள்ளி முறை அந்த எட்டாமிடத்துக்குப் பரிசும் கொடுக்கிறது, ஒதுங்கியிருந்தால் கிடைத்திருக்கும் வெற்றிக்கு அவருக்குத் தனிப்பட எதுவும் இல்லை. ஆகவே மூன்றில் ஒரு பங்குக்கு ஒரு ஆண்டு, இன்னொரு பங்குக்கு இரண்டு, தலைவர்களுக்கும் லீட்-அவுட்டுக்கும் மூன்று என்று முடிவுகளைச் சிதறவிடுங்கள். ஊக்கத்தொகையைத் தனியாள் புள்ளிக்குக் கட்டாமல், அந்தப் பந்தயத்தில் ஓடிய ஏழு பேருக்கும் பகிருங்கள். பரிசுப் பணத்தை வீரர்களும் ஊழியர்களும் பங்கிட்டுக்கொள்ளும் பழக்கம் பெலோட்டானில், அதாவது தொழில்முறைப் பந்தயக் கூட்டத்தில், ஏற்கெனவே இருப்பதால் யாருக்கும் இது புதிதாகத் தெரியாது.

நியோ-புரோ நால்வருக்கு மேல் முதல் ஆண்டில் வேண்டாம் என்பது என் கருத்து. அவர்களை 45 முதல் 50 நாளுக்கு மேல் ஓடவிடக் கூடாது. காயம் பட்டவர்களுக்குப் பதிலாக ஓடிக்கொண்டே இருப்பது எப்போதும் இளைஞர்கள்தான், ஜூனுக்குள் தீர்ந்துபோவதும் அவர்கள்தான். மாறாக, தனக்கென்று இளையோர் அணி வைத்திருந்தால் கணக்கு மாறும். நார்வேயின் யூனோ-எக்ஸ் என்பது நார்வே, டென்மார்க் வீரர்களை மட்டுமே எடுத்து வளர்ந்த அணி. கையைக் கட்டிக்கொண்டு ஆடுவதுபோலத் தெரியும். ஆனால் இளைஞர்களைத் தாங்களே வளர்த்து, அதன்மேல் 2023-இல் கிறிஸ்டோஃப், 2024-இல் மாக்னுஸ் கோர்ட் என்று முடிக்கத் தெரிந்த மூத்தவர்களை வைத்தார்கள். 2023-இல் முதல் டூர், 2025-இல் துலூஸில் யோனாஸ் ஆப்ரஹாம்சன் மூலம் முதல் டூர் வெற்றி (அதற்கு நான்கு வாரம் முன்புதான் அவருக்குக் கழுத்தெலும்பு முறிந்திருந்தது), 2026-இல் வேர்ல்டு டூர் உரிமம். ஸ்விட்சர்லாந்தின் டியூடர் வேறு வழி: 2023-இல் புரோ டீம் ஆகி, அடுத்த ஆண்டு மைக்கேல் ஸ்டோரரையும் டிரென்டினையும், அதற்கடுத்த ஆண்டு அலாஃபிலிப்பையும் ஹிர்ஷியையும் எடுத்தது. முதல் நாளே எல்லா நட்சத்திரத்தையும் வாங்கவில்லை. ஸ்டோரர் 2024-இல் இத்தாலியின் மூன்று வாரப் பந்தயமான ஜிரோவில் பத்தாவது, 2025-இல் டூர் ஆஃப் தி ஆல்ப்ஸ் வெற்றி. புதிய அணிக்கு ஏற்ற மலை வீரர் என்றால் எனக்கு இந்த அளவு ஆள்தான்.

இனி ஐயத்துக்குரியவை. 23 வயதுக்குட்பட்டோர் பந்தய முடிவுகள் எவ்வளவு நம்பத்தக்கவை? ஓரளவுதான். ஏஜென்ட் அனுப்பும் பவர் எண்களை அப்படியே நம்பாதீர்கள்; பவரை அளக்கும் ஒரு கருவிக்கும் இன்னொன்றுக்கும் இரண்டு மூன்று விழுக்காடு வேறுபாடு சாதாரணம், எடையை ஒரு கிலோ குறைத்துச் சொன்னாலே வாட்-பெர்-கிலோ கண்ணைப் பறிக்கும். புதிதாக எழுந்த காலையில் இருபது நிமிடம் எவ்வளவு என்பதைவிட, 2,500 கிலோஜூல் வேலை முடிந்தபின் ஐந்து நிமிடம் எவ்வளவு என்பதைக் கேளுங்கள். முழுப் பந்தயக் கோப்புகளாகக் கேளுங்கள், குறைந்தது இருபது. அப்போதும், நான்கு இளைஞர்களில் ஒருவர் நினைத்தபடி வளர்ந்தால் நல்ல தேர்வு என்றே எடுத்துக்கொள்வேன். வீரர்களின் சம்பளம் வெளியிடப்படுவதில்லை, பத்திரிகைகளில் வருபவை ஊகங்கள். அதனால் பணப் பங்கீட்டை விழுக்காட்டில் சொல்லித் துல்லியம்போல் காட்ட விரும்பவில்லை. தலைவர்கள் இருவருக்குமாகச் சம்பளப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் நடுத்தட்டு மெலியும் என்பது மட்டும் என் துணிபு. நான் சொன்ன எண்கள் எல்லாம் ஆண்கள் அணிக்கு. பெண்கள் பந்தயங்களில் அணி அளவும் நாட்காட்டியும் வேறு, இதை அப்படியே பொருத்த முடியாது.

சேர்க்கும் வரிசையும் முக்கியம். முதலில் ஸ்பான்சரின் கையெழுத்தும் வங்கி உத்தரவாதமும். 2022 டிசம்பரில் பிரான்சின் பி அண்ட் பி ஹோட்டல்ஸ் அணி புதிய ஸ்பான்சர் கிடைக்காமல் மூடப்பட்டபோது, அடுத்த சீசனை நம்பியிருந்த வீரர்கள் கிறிஸ்துமஸுக்கு முன் வேலை தேடி அலைந்தார்கள். பிறகு விளையாட்டு இயக்குநர்கள், ஏனெனில் எந்தப் பந்தயங்கள் என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் அவர்கள். பிறகு தலைவர்கள் இருவர், ஒவ்வொருவருடனும் அவர் நம்பும் ஒரு துணை. பிறகு ரோடு கேப்டன்கள், லீட்-அவுட். எந்திரங்களும் இளைஞர்களும் கடைசியில். பதிவுக் காகிதங்கள் அக்டோபரில் போக வேண்டும். அதுவரை இரண்டு இடங்களைக் காலியாக வைத்திருங்கள். மூடப்படும் அணிகளிலிருந்து நல்ல ஆட்கள் அப்போதுதான் நியாயமான விலைக்கு வருவார்கள்.

உங்கள் ஆறு-ஆறு-ஆறு-ஆறை நான் இப்படி மாற்றுவேன். ஸ்பிரிண்ட் குழு ஐந்து: முதல் ஸ்பிரிண்டர், லீட்-அவுட் செய்யச் சம்மதித்த இரண்டாவது ஸ்பிரிண்டர், தனி லீட்-அவுட், எந்திரங்கள் இரண்டு. கற்சாலைக் குழு ஆறு: முடிக்கத் தெரிந்தவர் இருவர், உழைப்பாளிகள் நால்வர், இவர்களில் ஒருவர் கேப்டன். குன்றுக் குழு ஐந்து: வேகமாக முடிப்பவர் இருவர், தப்பி ஓடுபவர் இருவர், இரண்டாவது கேப்டன். மலைக் குழு நான்கு: ஒரு வாரப் பந்தயங்களில் முதல் பத்துக்குள் வரும் ஒருவர், துணை மூவர். இருபது ஆயிற்று. மீதி நான்கும் நியோ-புரோ, வகை பார்க்க வேண்டாம். இதை எழுதியபின் மூன்று வாரங்களில் சோதியுங்கள்: பிப்ரவரி கடைசி, மார்ச் நடுப்பகுதி, பெல்ஜியத்தின் லியேஜ் பந்தயம் வரும் ஏப்ரல் கடைசி. ஒவ்வொன்றிலும் இரண்டு பந்தயங்களுக்கு ஏழேழு பெயர் எழுதுங்கள். பிறகு முதல் ஸ்பிரிண்டரையும் இன்னும் எந்த மூன்று பேரையும் அடித்துவிட்டு மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் முறை நிரம்பாத வாரம் எதுவோ, காலியாக வைத்த அந்த இரண்டு இடங்களும் அந்த வாரத்துக்கு ஏற்ற ஆட்களுக்குப் போகட்டும்.